மூன்றாம் கருமபீடம்: வாசகர் கேள்வி பதில்

திருகோணமலையில் ஒரு வங்கியில் 31 வருடம் வேலை செய்தேன். அதில் பாதிக்கு மேல் மூன்றாம் இலக்கக் கருமபீடத்தில் காசாளர். இந்தப் பக்கத்தின் பெயர் அங்கிருந்து வந்ததுதான். வங்கி போனுக்குள் வந்துவிட்டதே, அதைப் பற்றிக் கேட்க இருப்பதைக் கேளுங்கள் என்று போன இதழில் எழுதியிருந்தேன். கடிதமாகவும் குரல் பதிவாகவும் வந்து குவிந்துவிட்டது. ஒரு குரல் பதிவின் பின்னால் சேவல் கூவுகிறது, யாரோ தேங்காய் துருவுகிறார்கள். அதை மட்டும் இரண்டு தரம் கேட்டேன். பெயர்களை எடுத்துவிட்டேன். காசு விஷயம் பாருங்கள், ஊர் தெரிந்தால் போதும்.

கேள்வி: கணவர் கத்தாரில் வேலை செய்கிறார். மாதாமாதம் அவருடைய தம்பியின் கணக்குக்குக் காசு வரும், தம்பி எடுத்துத் தருவார். எனக்கென்று கணக்கு இல்லை, ஸ்மார்ட்போன் இருக்கிறது. வங்கிக்கு வெளியே ஆட்கள் மூலம் காசு அனுப்பும் உண்டியலில் போட்டால் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்களாம், வங்கி எதற்கு என்கிறார்கள். என்ன செய்யலாம் அக்கா? (மூதூர்)

மூதூர் என்றாலே எனக்கு லோஞ்ச்தான் ஞாபகம் வரும் தங்கச்சி. பாலங்கள் வராத காலம். உங்கள் ஊர்ச் சனம் காலை லோஞ்சில் வந்து, இறங்குதுறையிலிருந்து நடந்து, எங்கள் வரிசையில் நின்று, பின்னேர லோஞ்சுக்கு முதல் காசோடு திரும்பிவிட வேண்டும். 5,000 ரூபா எடுக்க ஒரு நாள் கூலியும் லோஞ்ச் காசும் போய்விடும். பதினொரு மணிக்கு மின்சாரம் நின்றால் அவர்கள் முகத்தை நான் நிமிர்ந்து பார்க்கவே மாட்டேன். அந்தத் தூரத்தைப் போன் இல்லாமல் ஆக்கிவிட்டது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் தூரம் மட்டுமா பிரச்சினை? எங்கள் வங்கி வாசலில் ஒரு வேப்பமரம் நின்றது. அதன் கீழே ஒருவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, எழுதத் தெரியாதவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பார். நல்ல மனிசன், ஒரு சதம் ஏமாற்றியதில்லை. ஆனால் யாருடைய கணக்கில் எவ்வளவு கிடக்கிறது என்பது எங்கள் மனேஜரை விட அவருக்கு நன்றாகத் தெரியும். எந்தப் பெண் வீட்டுக்குத் தெரியாமல் மகளின் பெயரில் சேர்க்கிறாள் என்பதும் தெரியும். சில பெண்கள் அதற்காகவே கணக்குத் திறக்காமல் போனார்கள். உங்கள் கணவரின் தம்பியும் நல்ல பிள்ளையாகவே இருக்கட்டும். அந்த வேப்பமரத்தடியில் அவர் உட்கார்ந்திருக்கிறார் என்பதை மட்டும் பாருங்கள்.

ஆகவே அடையாள அட்டையோடு போய் உங்கள் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்குத் திறவுங்கள். போகும் முன் ஒன்றைக் கவனியுங்கள்: நீங்கள் பாவிக்கும் சிம் யாருடைய பெயரில்? நம் பக்கத்தில் பல பெண்களின் சிம் கணவர் பெயரில், இல்லாவிட்டால் அண்ணன் பெயரில். வங்கி அனுப்பும் ஓடிபி என்ற ஒருமுறை இரகசிய இலக்கம் அந்த நம்பருக்குத்தான் வரும். போன் தொலைந்து புது சிம் எடுக்கப் போனால் பெயர்காரர் வர வேண்டும். அவர் கத்தாரில் இருந்தால்? முதலில் சிம், பிறகு கணக்கு, பிறகு ஆப். பின் நம்பர் உங்கள் தலைக்குள் மட்டும் இருக்கட்டும், பிள்ளையின் கொப்பியில் எழுத வேண்டாம்.

உண்டியலைப் பற்றி. 2021இல் வங்கிகள் ஒரு டொலருக்கு ஏறக்குறைய 200 ரூபாவிலேயே நின்றுகொண்டிருந்தபோது உண்டியல்காரர் அதைவிடக் கூடத் தந்தார்கள். சனம் அங்கே போனது. 2020இல் நாட்டுக்கு 710 கோடி டொலர் அனுப்பிய நம் ஆட்கள் 2022இல் வங்கி வழியாக அனுப்பியது 380 கோடி அளவுதான். அந்தக் காலத்தில் உண்டியலுக்குப் போனவர்களை நான் திட்ட மாட்டேன், வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. ஆனால் அந்த விலை வித்தியாசம் இப்போது சுருங்கிவிட்டது. உண்டியல் சட்டவிரோதம், துண்டு இல்லை, காசு வராவிட்டால் எந்தப் பொலிசிலும் போய்ச் சொல்ல முடியாது. உங்கள் பெயரில் எந்தப் பதிவும் மிஞ்சாது என்பதுதான் எனக்குப் பெரிய குறை. நாளைக்கு வீடு திருத்தக் கடன் கேட்டால் பத்து வருடம் காசு வந்ததற்கு என்ன அத்தாட்சி?

அனுப்பும் செலவையும் கணவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஐக்கிய நாடுகளின் நிலைபேறான அபிவிருத்தி இலக்குகள் 17 இருக்கின்றனவே, அதில் பத்தாவது ஏற்றத்தாழ்வைக் குறைப்பது. அதற்குள் ஒரு வரி: வெளிநாட்டில் உழைப்பவர் வீட்டுக்கு அனுப்பும் காசின் செலவு 2030க்குள் நூற்றுக்கு 3க்குக் கீழே வர வேண்டும். பெரிய மாநாட்டில் எழுதியதில் நம் வீட்டுக் கதையும் இருக்கிறது என்று வாசித்தபோது நினைத்துக்கொண்டேன். ‘கட்டணம் இல்லை’ என்று விளம்பரம் செய்கிற ஆப் பல நேரம் நாணய மாற்று விலையில் அதை எடுத்துவிடும். இங்கே கைக்கு எத்தனை ரூபா வந்து சேர்கிறது என்ற ஒரே கணக்கைப் பார்த்தால் போதும்.

கேள்வி: மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி மீன் விற்கிறேன். கியூஆர் ஒட்டச் சொல்லி வங்கிப் பிள்ளைகள் வந்தார்கள். ஒட்டினால் வரிக்காரர் வருவார் என்று மற்ற வியாபாரிகள் சொல்கிறார்கள். போன மாதம் ஒரு பொடியன் போனில் ‘காசு போட்டாச்சு’ என்று படம் காட்டிவிட்டு இரண்டு கிலோ பாரையோடு போய்விட்டான். (நிலாவெளி)

முதலில் அந்தப் பாரை. போனில் காட்டுகிற படம் காசு அல்ல. உங்கள் போனுக்கு வங்கியிடமிருந்து எஸ்எம்எஸ் வந்தால்தான் காசு. அதுவரை மீன் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். சிக்னல் இல்லாத இடத்தில் கைக்காசுதான், வெட்கப்பட ஒன்றும் இல்லை.

வரிக்குப் பயப்படுவது வீண். கையில் வாங்கினாலும் போனில் வாங்கினாலும் வரிச் சட்டம் ஒன்றுதான். 2025 ஏப்ரல் முதல் வருட வருமானத்தில் 18 இலட்சம் ரூபா வரை வருமான வரி இல்லை. வருமானம் என்பது விற்ற காசு இல்லை. கரையில் மீன் வாங்கிய காசு, ஐஸ், பெற்றோல் எல்லாம் போக மிஞ்சுவது. ஒரு கொப்பி போட்டு எழுதி வையுங்கள், அவ்வளவுதான்.

லங்கா கியூஆரில் ஒரு அட்டை ஒட்டினால் போதும், அதில் சேர்ந்திருக்கும் எந்த வங்கி ஆப்பில் இருந்தும் காசு வரும். உங்களிடமிருந்து ஒரு சிறு வீதம் கழிப்பார்கள். எவ்வளவு, எப்போது கணக்கில் விழும் என்பதைக் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள். விடிய மீன் எடுக்கக் கையில் காசு வேண்டிய உங்களுக்கு ‘இரண்டு நாளில் வரும்’ என்பது சரிவராது. இன்னொன்று, 2024 பெப்ரவரியிலிருந்து இந்தியர்கள் தங்கள் யூபிஐ ஆப்பால் இங்கே கட்டலாம். கோணேசர் கோயிலுக்கு வந்து அப்படியே நிலாவெளிக் கடற்கரைக்கு வருகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மே தொடக்கம் செப்டெம்பர் வரை உங்கள் பக்கம் ஆள் நடமாட்டம் கூடுமே, அப்போது பயன்படும்.

இதெல்லாம் சின்ன விஷயம். நான் ஒட்டச் சொல்வதற்குக் காரணம் வேறு. கருமபீடத்தில் இருந்து பிறகு கடன் பிரிவுக்கு மாறினேன். அங்கே ஒரு படிவம் இருந்தது: பிணைக்கு இரண்டு அரசாங்க உத்தியோகத்தர். ஆசிரியர் ஒருவர் கடன் கேட்டால் அடுத்த வகுப்பு ஆசிரியர் இருவர் வந்து கையெழுத்து வைப்பார்கள். மீன் வியாபாரிக்கு யார் வைப்பார்? மாதம் உங்கள் அளவுக்கு உழைக்காத கிளாக்கருக்குக் கடன் கொடுத்தேன், உங்களைப் போன்றவர்களைத் திருப்பி அனுப்பினேன். விதி அப்படி. அப்படி அனுப்பியவர்கள் நேரே நாளுக்கு நாள் ஏறும் மீற்றர் வட்டிக்குப் போனார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஒரு வருடம் ஒவ்வொரு நாளும் உங்கள் கணக்கில் மீன் காசு விழுந்த பதிவு இருந்தால், அந்தப் பதிவைக் கையில் வைத்துக்கொண்டு மனேஜரிடம் பேசலாம். உடனே கடன் கிடைக்கும் என்று சொல்லவில்லை. பேச ஒரு காகிதம் இருக்கும். என் காலத்தில் அதுவும் இருக்கவில்லை.

கேள்வி: அரசாங்கம் தரும் அஸ்வெசும உதவிக் காசு என் கணக்குக்கு வருகிறது. ஆனால் அட்டை எங்கள் ஊர்க் கடைக்காரரிடம் இருக்கிறது. கடனுக்குச் சாமான் எடுத்ததால் கொடுத்து வைத்தேன், நம்பரும் அவருக்குத் தெரியும். மாதம் எவ்வளவு எடுக்கிறார் என்பது எனக்குத் தெரியாது. கேட்கப் பயமாக இருக்கிறது. (ஈச்சிலம்பற்று)

அம்மா, நகை இல்லாதவர் அட்டையை அடைவு வைத்த கதை இது. நீங்கள் தனி ஆள் இல்லை. இந்த மாதம் மட்டும் இதே மாதிரி மூன்று கடிதம்.

2023இல் அஸ்வெசும தொடங்கியபோது காசு நேரே வங்கிக் கணக்குக்குப் போகும், இடையில் கை இருக்காது என்றார்கள். நல்ல யோசனைதான். உலக வங்கி எடுக்கும் கணக்கின்படி 2011இல் உலகத்தில் வயது வந்தவர்களில் நூற்றுக்கு 51 பேரிடம்தான் கணக்கு இருந்தது, 2021இல் 76 பேர். அந்த மாதிரிக் கணக்கில் நீங்களும் ஒருவராக எண்ணப்படுவீர்கள். அட்டை எந்த லாச்சிக்குள் கிடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

கடைக்காரரை நான் கெட்டவர் என்று எழுதப் போவதில்லை. எந்த வங்கியும் உங்களுக்கு அரிசி கடன் தரவில்லை, அவர் தந்தார். ஆனால் கணக்குக் காட்டாத கடன் முடியாத கடன். இப்படிச் செய்யுங்கள். வங்கிப் புத்தகத்தோடு போய்ப் பதிவு போட்டு வாருங்கள், மூன்று மாதத்தில் எவ்வளவு எடுபட்டிருக்கிறது என்று தெரியும். புத்தகமும் அவரிடமா? அப்படியென்றால் அடையாள அட்டையோடு கிளைக்குப் போய் விவரம் கேளுங்கள், தருவார்கள். பிறகு வீட்டில் படித்த பிள்ளை யாரையாவது கூட்டிக்கொண்டு கடைக்குப் போய், கொப்பியை விரித்து இரண்டு பக்கமும் கூட்டுங்கள். மிச்சக் கடன் இருந்தால் மாதம் இவ்வளவு என்று நீங்களே எடுத்துக் கொண்டுபோய்க் கொடுங்கள். அட்டையைத் தர மறுத்தால் சத்தம் போட வேண்டாம். வங்கிக்குப் போய் ‘அட்டை என் கையில் இல்லை, நிறுத்திவிட்டுப் புதிது தாருங்கள்’ என்றால் முடிந்தது. கணக்கு உங்கள் பெயரில் இருப்பதன் பலம் அது ஒன்றுதான், அதைப் பாவியுங்கள். கிராம சேவகரிடமோ மாதர் சங்கத் தலைவியிடமோ முதலில் சொல்லிவைத்தால் துணையாக இருக்கும்.

கேள்வி: ஒரு ஆப்பில் 5,000 ரூபா போட்டால் நாளுக்கு 150 ரூபா தருகிறார்கள். நண்பர்களைச் சேர்த்தால் மேலும் தருவார்கள். நம்பலாமா? (கந்தளாய்)

வேண்டாம். நாளுக்கு 150 என்றால் 34 நாளில் போட்ட காசு முழுவதும் திரும்பி வந்துவிடும், எந்த வியாபாரத்தில் அப்படி நடக்கிறது? பின்னால் சேர்கிறவரின் காசைத்தான் முன்னால் சேர்ந்தவருக்குக் கொடுக்கிறார்கள். வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவின்படி இப்படியான பிரமிட் திட்டத்தை நடத்துவது மட்டுமல்ல, அதில் ஆள் சேர்ப்பதும் குற்றம்.

கேள்வி: நான் உப்புவெளியில் ஹோட்டலில் வேலை செய்கிறேன், வயது 23. மாரியில் வேலை இல்லாதபோது ஒரு ஆப்பில் 15,000 ரூபா கடன் எடுத்தேன். கைக்கு வந்தது 11,000. 14 நாளில் 15,000 கட்ட வேண்டும். கட்ட முடியாமல் இன்னொரு ஆப், பிறகு இன்னொன்று. இப்போது என் போனில் இருந்த எல்லா நம்பருக்கும் என் படத்தைப் போட்டு ‘கள்ளன்’ என்று அனுப்புகிறார்கள். அம்மாவுக்கும் போய்விட்டது. (பெயர் வேண்டாம்)

தம்பி, அம்மாவுக்குப் போய்விட்டதல்லவா? இனி ஒளிக்க ஒன்றும் இல்லை. அந்தப் பயத்தை முதலில் இறக்கி வையுங்கள். அவர்களின் ஒரே ஆயுதம் அது, அதை அவர்கள் பாவித்து முடித்துவிட்டார்கள்.

கணக்கைப் பார்ப்போம். கையில் வந்த 11,000க்கு 14 நாளில் 4,000 வட்டி. நூற்றுக்கு 36. இதை வருடக் கணக்காக்கினால் 900க்கும் மேல். 2018இல் நுண்கடன் வட்டி நூற்றுக்கு 35ஐத் தாண்டக் கூடாது என்று அரசு ஒரு எல்லை போட்டது. வரட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட பெண்களின் நுண்கடனை இரத்துச் செய்ததும் அந்த வருடம்தான். வருடத்துக்கு 35 வட்டியே அநியாயம் என்று பெண்கள் றோட்டில் இறங்கியிருந்தார்கள். உங்களுக்கு அதை விடக் கூட 14 நாளில் எடுத்திருக்கிறார்கள்.

அந்தக் குழுக்கடன் காலமும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. யுத்தம் முடிந்த பிறகு கிழமைக்கு ஒருநாள் நுண்கடன் நிறுவன ஆட்கள் மோட்டார் சைக்கிளில் வருவார்கள். ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும் கட்ட வேண்டும், அதனால் அவள் வீட்டு வாசலில் அயலவரே வந்து நிற்பார்கள். ஆப் செய்வதும் அதேதான். முற்றத்தில் நின்ற அயலவருக்குப் பதிலாக உங்கள் போனில் உள்ள நம்பர்கள். கடன் எடுக்கும்போது ‘தொடர்புகளைப் பார்க்க அனுமதி’ என்று கேட்டிருக்கும், நீங்களும் அழுத்தியிருப்பீர்கள். எல்லாரும் அழுத்துவதுதான்.

இனிச் செய்ய வேண்டியது. நாலாவது ஆப்பைத் தொட வேண்டாம், அது மட்டும் என் கெஞ்சல். வந்த மிரட்டல் எல்லாவற்றையும் படம் பிடித்து இன்னொரு போனுக்கோ மின்னஞ்சலுக்கோ அனுப்பி வையுங்கள். அதற்குப் பிறகு ஆப்பை அழியுங்கள், தொடர்பு அனுமதியையும் எடுத்துவிடுங்கள். யாரிடம் எவ்வளவு கையில் வாங்கினீர்கள், எவ்வளவு கட்டினீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய கணக்கை நானே கூட்டிப் பார்த்தேன், முதல் ஆப்புக்கு வாங்கியதை விடக் கூடக் கட்டி முடித்திருக்கிறீர்கள். பொலிசில் முறைப்பாடு செய்யுங்கள். அங்கே ‘கடன் எடுத்தால் கட்டத்தானே வேணும்’ என்று சொல்வார்கள். ‘கடனைப் பற்றி இல்லை, என் படத்தை அனுப்பியதைப் பற்றி முறைப்பாடு’ என்று நில்லுங்கள். மத்திய வங்கியின் 1935க்கு அழைத்து அந்த நிறுவனத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். இப்படியானவை பல மத்திய வங்கியின் பட்டியலிலேயே இருக்காது. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கு 2022இல் 9ஆம் இலக்கச் சட்டம் ஒன்று வந்திருக்கிறது. அது கொழும்பிலிருந்து உப்புவெளிக்கு வந்து சேர இன்னும் கொஞ்ச நாள் எடுக்கும் போல.

மிச்சக் கடனுக்கு, அம்மாவிடம் ஒரு சோடித் தோடு இருந்தால் வங்கியில் அடைவு வைத்துத் தீர்ப்பது எவ்வளவோ மேல். சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது. புதுத் தொழில்நுட்பத்தைப் பற்றிக் கேட்ட பிள்ளைக்குத் தோட்டைக் காட்டுகிறேன். என்ன செய்ய, அதன் வட்டி எனக்குத் தெரியும்.

கேள்வி: ‘நிதித் தொழில்நுட்பம் சமூக ஏற்றத்தாழ்வைக் குறைக்கிறதா’ என்று ஒப்படை தந்திருக்கிறார்கள். நீங்கள் ஆம் என்பீர்களா, இல்லை என்பீர்களா? (கிழக்குப் பல்கலைக்கழக மாணவி, திருகோணமலை வளாகம்)

ஒப்படையை நான் எழுதித் தர மாட்டேன் மகள். ஆனால் எங்கே தோண்ட வேண்டும் என்று காட்டுகிறேன்.

கென்யாவில் தொடங்குங்கள். 2007 மார்ச்சில் அங்கே எம்-பெசா வந்தது. வங்கிக் கணக்கே தேவையில்லை, பழைய பட்டன் போனில் காசு அனுப்பலாம். தவ்னீத் சூரி, வில்லியம் ஜாக் என்ற இரண்டு பொருளியலாளர்கள் வருடக்கணக்காக அங்கே வீடுவீடாகத் தகவல் சேர்த்து 2016இல் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் எழுதினார்கள்: எம்-பெசாவால் 1,94,000 குடும்பங்கள், அதாவது நாட்டின் குடும்பங்களில் நூற்றுக்கு 2, வறுமையிலிருந்து வெளியே வந்தன. 1,85,000 பெண்கள் விவசாயத்தை விட்டு வியாபாரத்துக்கு மாறினார்கள். கூடுதலாகப் பயனடைந்தவை பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள். யுத்தம் நடந்த நம் மாவட்டத்தில் அப்படியான குடும்பம் எத்தனை என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஏன் அப்படி நடந்தது என்பதைத்தான் நீங்கள் எழுத வேண்டும். அவர்களின் முந்தைய ஆய்வொன்றில் இருக்கிறது: விளைச்சல் பொய்த்தால், நோய் வந்தால், எம்-பெசா இல்லாத வீடு தன் செலவை நூற்றுக்கு 7 அளவுக்குக் குறைத்தது, இருந்த வீடு குறைக்கவில்லை. எங்கோ நகரத்தில் இருக்கும் அண்ணனும் மாமாவும் ஆளுக்குக் கொஞ்சம் உடனே அனுப்பினார்கள். சொந்தம் முன்பும் இருந்தது, அனுப்ப வழிதான் இருக்கவில்லை. 2004 டிசம்பரில் சுனாமி அடித்தபோது எங்கள் கிளைக்கு முன்னால் நின்றவர்களை நினைத்துப் பார்க்கிறேன். கொழும்பில் மகன், கையில் புத்தகம் இல்லை, அடையாள அட்டை கடலோடு போய்விட்டது.

இன்னொரு விஷயம், எம்-பெசாவை ஓட்டியவர்கள் பெட்டிக்கடைக்காரர்கள். காசைக் கொடுக்கவும் வாங்கவும் பக்கத்தில் ஒரு முகவர் இருந்தபடியால்தான் சனம் நம்பியது. இங்கேயும் 2012இல் ஈசி கேஷ் வந்தது, ரீலோட் போடுகிற கடையிலேயே காசு போடலாம். அது ஏன் கென்யாவில் போல வீட்டுக்கு வீடு போகவில்லை? இலங்கையில் ஏற்கெனவே சந்திக்குச் சந்தி வங்கிக் கிளை இருந்தது, அங்கே இருக்கவில்லை என்பது என் எண்ணம். மறுத்து எழுதுங்கள், சந்தோஷப்படுவேன்.

இந்தியாவைப் பார்த்தால் 2014இல் ஏழைகளுக்கான ஜன் தன் வங்கிக் கணக்குகள், 2016இல் போனில் காசு கட்டும் யூபிஐ. 50 கோடிக்கு மேல் கணக்குத் திறந்துவிட்டார்கள். கணக்குத் திறப்பது வேறு, பாவிப்பது வேறு என்பதற்கு அங்கேயும் உதாரணம் கிடைக்கும். பிறகு மறுபடி கென்யாவுக்கே திரும்புங்கள். அதே போன் வழியாகத்தான் அங்கேயும் கடன் ஆப்புகள் வந்து ஏழைகளைப் பிடித்தன. 2021இல் சட்டம் திருத்தி, 2022இல் ஒழுங்குவிதி போட்டு அவற்றை அங்குள்ள மத்திய வங்கியின் கீழ் கொண்டுவந்தார்கள். பதினைந்து வருடத்துக்குள் ஒரே போன் இரண்டையும் செய்திருக்கிறது. ஆம், இல்லை என்று கேட்டால் நான் என்ன சொல்வது? போன் யாருடைய கையில், பின் நம்பர் யாருக்குத் தெரியும், பிழை நடந்தால் யார் பொறுப்பு என்று மூன்று கேள்வி கேட்பேன். பதில் வீட்டுக்கு வீடு மாறும். நாலு வீட்டுக்குப் போய் வாருங்கள், இணையத்தில் எடுத்து ஒட்டுவதை விட அதற்குப் புள்ளி கூட விழும்.

கேள்வி: கிளையில் ஆட்களைக் குறைத்து மெஷின் வைத்துவிட்டார்கள். ஓய்வூதியம் எடுக்கப் போனால் ‘ஆப் போடுங்க அங்கிள்’ என்கிறார்கள். எனக்கு 78 வயது, கண் சரியில்லை. (உவர்மலை)

ஐயா, ‘எனக்கு ஆப் வேண்டாம், கருமபீடத்தில் தாருங்கள்’ என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. தயங்காமல் சொல்லுங்கள். ஓய்வூதியம் விழுகிற நாளிலேயே போகாமல் இரண்டு நாள் கழித்துப் பதினொரு மணியளவில் போனால் வரிசை இருக்காது, இது உள்ளே இருந்தவள் சொல்லும் இரகசியம். மெஷினில் உதவி கேட்பதானால் வங்கிச் சீருடைக்காரரிடம் மட்டும்.

கேள்வி: நாங்கள் 20 பெண்கள் சீட்டுப் போடுகிறோம். வட்டி எங்களுக்கு ஆகாது. இப்போது வாட்ஸ்அப் குழு வைத்து, காசை ஒருவரின் கணக்குக்குப் போனில் அனுப்பலாம் என்கிறார்கள். செய்யலாமா சேர்? (கிண்ணியா)

சேர் இல்லை, அக்கா! படம் போடாததால் வந்த வினை. சீட்டில் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. வங்கிக்கு முந்திய வங்கி அது, வட்டியும் இல்லை. போனில் அனுப்புவதில் ஒரு நன்மை, யார் கட்டினார் என்று எல்லாருக்கும் பதிவு இருக்கும். குறிப்பில் பெயரையும் மாதத்தையும் எழுதி அனுப்புங்கள். இரண்டைக் கவனியுங்கள். சீட்டுப் பிடிக்கிறவர் தன் சொந்தக் காசு ஓடுகிற கணக்கில் இதைக் கலக்காமல் தனிக் கணக்கு வைக்க வேண்டும். வட்டி வேண்டாம் என்றால் வட்டியில்லா முறையில் நடக்கும் கணக்குகளும் நாட்டில் உண்டு, திறக்கும்போதே கேளுங்கள். அடுத்து, போன் இல்லாத ஆட்கள் உங்கள் இருபதில் யாராவது இருப்பார்கள். அவர்களைக் கழற்றிவிடாதீர்கள், அவர்கள் கையில் கொண்டுவந்து தரட்டும். எல்லாரும் கூடி உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கவும் காரணம் வேண்டுமே.

கேள்வி: இவ்வளவு சொல்கிறீர்களே, நீங்கள் போனில் காசு அனுப்பும்போது பிழை விட்டதே இல்லையா? (பாலையூற்று)

பிழை விட்டிருக்கிறேன். போன வருடம் மேசனுக்கு 12,500 ரூபா அனுப்பினேன், கணக்கிலக்கத்தில் ஒரு 6ஐ 9 என்று அடித்துவிட்டேன். கண்ணாடி போட்டிருக்கவில்லை. காசு ஒரு நொடியில் போய்விட்டது. கிளைக்குப் போனால் ஒரு பிள்ளை, நான் வேலைக்குச் சேர்ந்தபோது பிறந்தே இருக்கமாட்டாள், ‘அம்மா, இலக்கத்தைச் சரிபார்த்து அனுப்ப வேணும்’ என்று எனக்குப் பாடம் எடுத்தாள். இதே வசனத்தை எத்தனை பேருக்கு நான் சொல்லியிருப்பேன். காசு போய்ச் சேர்ந்தவர் சம்மதித்தால்தான் திருப்ப முடியும் என்றார்கள். அவர் கேகாலையில் ஒரு பெண். 19 நாள் எடுத்தது. காசு வந்த பிறகு அவரே எனக்கு அழைத்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, என் சிங்களம் வங்கிச் சிங்களம், ‘இங்கே கையொப்பமிடவும்’ அளவுக்குத்தான் வரும். ஆனால் தன் கணக்கில் திடீரென்று காசைக் கண்டு இரண்டு நாள் பயத்தில் வெளியே எடுக்காமல் இருந்தேன் என்று அவர் சொன்னது மட்டும் விளங்கியது. மேசன் அதுவரை சீமெந்துப் பூச்சை அரைவாசியில் விட்டுவிட்டுப் போயிருந்தார். இப்போதும் வந்து பார்த்தால் சுவரில் அந்தக் கோடு தெரியும்.